சென்னை நகரில் நாய் வளர்த்த வரலாறு



விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் நடப்போர் இந்நாளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஒருவர் கையில் வாரைப் பிடித்திருப்பார். அவருக்கு முன்னே, அவரை இழுத்துக்கொண்டு, வீட்டு நாய் ஒன்று செல்லும். தியாகராய நகரின் நடேசன் பூங்காவைச் சுற்றிலும், அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரையிலும் இதே காட்சிதான். நான் சிறுவனாக இருந்த 1960-களின் இறுதியில் இவ்வீதிகளில் இதைக் கண்டவர் மிகச் சிலர். அன்று தெருவில் திரிந்த நாய் எந்த ஒரு வீட்டுக்கும் உரியதன்று. தெரு முழுவதற்கும் உரியது. மிஞ்சிய சோற்றை வாசலில் வைப்பார்கள்; நாயை உள்ளே விடமாட்டார்கள். வீதியில் நின்ற அந்த நாய் வாசற்படியைக் கடந்து வீட்டுக்குள் வந்தது எப்படி, வந்த நாயைக் காப்பதில் நாம் கற்றது என்ன, கல்லாதது என்ன என்பவற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

தமிழர் நாயை இழிவாகவே எண்ணினர் என்று பலர் கருதுகின்றனர். வசைமொழியில் அதன் பெயர் அடிபடுவதும், அடியார்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது 'நாயேன்' என்று சொல்லிக்கொள்வதும் அக்கருத்துக்குக் காரணமாகலாம். ஆனால் அது முழு உண்மையன்று. சங்க நூல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் பெற்று, வேட்டுவரோடு காட்டுக்கும் ஆயரோடு பட்டிக்கும் சென்ற விலங்கு அது. பைரவருக்கு ஊர்தியும் அதுவே. இவை யாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்த சான்று ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் நிற்கின்றது. அது 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்ற நடுகல். கருந்தேவகத்தி என்னும் வீரன் ஒருவன் மாடுகளைக் காக்கும் பூசலில் மாண்டான். கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவன் அருகே காத்து நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்கின்றது. நாய்க்குப் பெயர் வைத்தவர் உலகெங்கும் உளர். அப்பெயரை மன்னனின் ஆட்சியாண்டோடு சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்தவர் எத்தனை பேர்?

ஆகவே வாசற்படி என்பது வெறுப்பின் எல்லையன்று. வேலைப் பங்கீட்டின் எல்லை. நாயின் பணி வெளியே, ஆகவே அதன் இடமும் வெளியே. கிராமத்தில் இந்த ஏற்பாடு ஒருவாறு நடந்தது. வீட்டார் உண்டபின் அதற்குச் சோறு உண்டு. காவல் காக்க வயலும் களமும் உண்டு. நகரத்தில் வேலை போயிற்று; சோறு மட்டும் குப்பைமேட்டில் நின்றது. வேலையற்ற நாயும் மூடப்படாத குப்பையும் கூடிய இடத்தில்தான் நகரத்தின் நாய்ப் பிரச்சினை பிறந்தது.

ஆங்கிலேயர் தம் தோட்ட வீடுகளில் தங்கள் நாட்டு நாய்களை வளர்த்தனர். வீட்டு நாய்க்குத் தனிப் பணியாள். தெரு நாய்க்குச் சாவு. ஏறத்தாழ 1860-ஆம் ஆண்டு முதல் சென்னை நகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டது. அது நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது நடந்தது. என் சிறு வயதில் அந்த வண்டி தெருமுனையில் திரும்பினாலே பிள்ளைகளாகிய நாங்கள் எங்களுக்குப் பழக்கமான நாயைத் திண்ணைக்கு அடியில் விரட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் நிற்போம். வந்தவர்களைக் குறை கூற மாட்டேன். அவர்கள் கூலிக்கு வேலை செய்தனர். பெரியவர்களும் 'வெறி பிடித்துக் கடித்தால் யார் பொறுப்பு?' என்று கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமானதே.

அந்தக் கேள்வியின் கனத்தை இக்காலத்து இளையோர் உணர்வது அரிது. ஆகையால் வெறிநாய்க்கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாய் வளர்ப்பு என்னும் பாடத்தின் முதற்பக்கம் அதுதான்.

ரேபீஸ் என்னும் அந்நோயின் கிருமி, நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் வாழ்வது. கடித்த இடத்தில் புகுந்து, நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்லும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை ஒரு குறியும் தோன்றாது. காயம் ஆறிவிடும், வீட்டார் மறந்தும்விடுவர். குறி தோன்றிய பிறகோ, மருத்துவத்தால் பிழைத்தவர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர். 1885 ஜூலை 6-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றியதன் சூட்சுமம் இந்த மெதுவான பயணத்தில்தான் அடங்கியிருக்கின்றது. கிருமி மூளையைச் சேருமுன் உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பித்துவிட வேண்டும். இது நோய்க்கும் மருந்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம். ஆனால் மருந்துக்கு முன்னமே புறப்பட வாய்ப்பு உள்ள பந்தயம்.

அந்த வாய்ப்பு நம் நாட்டுக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. 1900-இல் இமயச் சாரலில் கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவருக்கு அது எட்டாத தொலைவு. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தாள். அத்துயரம் பலர் மனத்தை அசைத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் என்பார் இந்திய நலனுக்கென்று அளித்த நன்கொடையில் ஒரு பகுதியும் சேர, 1907-இல் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. அதற்குமுன் பெயரறியா நம் மக்கள் எத்தனை ஆயிரவர் மாண்டிருப்பர் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. என்றாலும் நிலையம் திறந்தபின் யாரும் பயன்பெறலாயிற்று. சென்னையில் கடிபட்டவர் இரவு ரயிலேறி மேட்டுப்பாளையம் சென்று, அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர் போய்ச் சேர்ந்தால் பிழைக்க வழி உண்டு என்ற நிலை வந்தது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து ஆக்கிய தடுப்பு மருந்து, பின்னர் ஊர்தோறும் மருத்துவமனைகளுக்குச் சென்றது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் அச்சத்தோடு சொன்னது இதைத்தான். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1980-களில் ஒரு மாணவன் அவ்வூசிகளைப் போட்டுக்கொண்டு வந்தான். வயிற்றைத் தொடவிடாமல், பெஞ்சியில் நேரே உட்கார முடியாமல், அவன் எழுதிய கணக்குகள் இன்றும் என் நினைவில் நிற்கின்றன. விடையெல்லாம் சரி. ஊசியின் வலிக்கு அஞ்சியே பலர் பாதியில் நிறுத்தினர். மஞ்சளையும் சுண்ணாம்பையும் மிளகாய்ப் பொடியையும் காயத்தில் அப்பி, மந்திரித்துக் கயிறு கட்டி, இருந்துவிட்டோரும் உண்டு. அம்மருந்து சிலருக்குப் பக்கவாதம் போன்ற துன்பங்களையும் விளைத்தது. 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நம் நாட்டில் அதன் பயன்பாடு நின்றது. இன்று தருவது உயிரணு வளர்ப்பு முறையில் ஆக்கிய மருந்து. அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடும் முறைப்படி, முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு முறை, புயத்தில் போடுகின்றனர். வயிற்றுக்கு வேலையே இல்லை.

இவ்வளவு எளிதாகியும் மக்கள் இறக்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 4,80,000 பேர். ரேபீஸ் நோயால் இறந்தோர் 43 பேர். குறி தோன்றுமுன் உரிய மருத்துவம் பெற்றால் தடுக்கக்கூடிய நோய் இது. ஆதலின் நேயர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், புண்ணில் நக்கினாலும், முதல் வேலை குழாயடி. ஓடும் நீரில் சவுக்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. அப்பால் அன்றைக்கே மருத்துவமனை. காயம் ஆழமாயின், காயத்திலேயே செலுத்தும் வேறொரு மருந்தும் உண்டு. அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கடித்தது நம் வீட்டு நாய்தான், குட்டிதான் என்று இருந்துவிடல் ஆகாது. நாயைப் பத்து நாள் கண்காணிப்பது நல்ல வழக்கமே; ஆனால் அதன் முடிவு தெரியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

மனிதனுக்குக் குன்னூர் போல, விலங்குக்கும் ஒரு கல்விக்கூடம் வேண்டுமல்லவா? 1903 அக்டோபரில் சைதாப்பேட்டையில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சிறிய அளவில் தொடங்கியது. இரண்டாண்டில் வேப்பேரிக்கு இடம் மாறிற்று. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. 1989-இல் அதனைக் கருவாகக் கொண்டு கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. தொடக்கத்தில் அங்குக் கற்றவர்க்கு முதற்கவலை குதிரையும் மாடும்தான். நாட்டின் உழவும் போக்குவரத்தும் அவற்றின் முதுகில் இருந்தன. இன்று வேப்பேரி மருத்துவமனை வாசலில் காலையில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். பெரும்பகுதி நாய்களே. ஒரு நகரத்தின் வாழ்க்கை எப்படி மாறியது என்பதை அறிய அவ்வரிசை ஒன்றே போதும்.

இனித் தியாகராய நகருக்கு வருவோம். கேப்டன் வி. சுந்தரம் என்பவர் பெயர்பெற்ற விமானி. மைசூர் மகாராஜாவின் விமானத்தை ஓட்டியவர். அவர் மனைவியார் உஷா சுந்தரம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பெண் விமானி. சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை 1951-இல் இவ்விருவரும் இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்த செய்தி அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. 1959-இல் பெருமழை பெய்து நகரம் வெள்ளக்காடாக நின்றபோது, நீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் எடுத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வானத்தில் சாதனை படைத்தவர் வரலாற்றில் நிலைத்தது முழங்கால் நீரில் செய்த இச்செயலால் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். அவ்விரு குட்டிகளைத் தொடர்ந்து வேறு பல வந்தன. பெற்றோரும், மகன் சின்னி கிருஷ்ணா முதலிய பிள்ளைகளும் சேர்ந்து வீட்டிலேயே தொடங்கிய பணி, இந்திய நீலச் சிலுவைச் சங்கம், அதாவது நாம் எல்லோரும் புளூ கிராஸ் என்று வழங்கும் அமைப்பாக வளர்ந்தது. 1964-இல் அது முறைப்படி பதிவு பெற்றது. பின்னர் கிண்டியில் வேளச்சேரிச் சாலையில் அதன் நிலையம் அமைந்தது.

அதே காலத்தில் அடையாற்றில் இன்னொருவர் வேறு வழியில் முயன்றுகொண்டிருந்தார். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காகவே அறிவோர் பலர். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற அவர், அங்கே பேசியது நாட்டியத்தைப் பற்றியன்று. வாயில்லாப் பிராணிகளைப் பற்றி. அவர் தனி உறுப்பினராகக் கொண்டுவந்த மசோதாவை, அரசாங்கமே ஒரு சட்டம் செய்யும் என்ற பிரதமர் நேருவின் உறுதியின்பேரில் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பயனாக 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அதன்படி ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். அவ்வாரியத்தின் தலைமையகம் பல்லாண்டு சென்னையிலேயே இருந்து, 2018-இல் வட நாட்டுக்கு மாறியது. சென்னைக்கு அது ஓர் இழப்பு என்பதே என் எண்ணம்.

இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவை நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். உணவும் நீரும் தங்குமிடமும் தராமை குற்றம் என்கிறது அது. பராமரிக்க முடியாத நிலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருதல் குற்றம். இவை எவரும் எதிர்பார்ப்பவை. ஆனால் வேறொன்றும் இருக்கின்றது: வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாயை, அல்லது அடைத்தே வைக்கும் நாயை, நியாயமான அளவு உலவவிடாமல் இருப்பதும் குற்றம். சட்டம் இயற்றியோர் 1960-லேயே சங்கிலியை நினைத்திருக்கின்றனர்! மாடி வீடுகளில் நாள் முழுவதும் உப்பரிகைக் கம்பியில் கட்டுண்டு குரைக்கும் நாய்களை நாம் காண்கிறோம். அதன் உடையவர் ஒரு சட்டத்தை மீறுவதாக அவருக்கே தெரியாது. தண்டமோ, முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் ஐம்பது ரூபாய் என்பது ஒரு தொகை. இத்தனை ஆண்டுகளாகியும் அது உயர்த்தப்படவில்லை.

சட்டம் வந்தும் தெரு நாய்களைக் கொல்லும் வழக்கம் நிற்கவில்லை. சின்னி கிருஷ்ணா பிற்காலத்தில் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. 1970-களின் தொடக்கத்தில், கொல்லப்பட்ட நாய்களின் தோல் மலைபோல் சேரவே, அதைக் கொண்டு கழுத்துப் பட்டையும் பணப்பையும் செய்யலாமா என்று அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்தனராம். 1995-இலோ நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை மாண்டன. இவ்வளவு கொன்றும் நாய் குறைந்ததா? குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. காரணம் கடினமானதன்று. ஒரு தெருவில் குப்பை எவ்வளவோ, அவ்வளவு நாய்களை அத்தெரு தாங்கும். நான்கைப் பிடித்துச் சென்றால், அடுத்த தெருவிலிருந்து நான்கு வரும். அல்லது எஞ்சியவை ஈன்ற குட்டிகள் பிழைத்து வளரும். வந்தவை ஊசி போடாதவை, தெருவாரை அறியாதவை. பிடிபட்டதோ பெரும்பாலும் மனிதரைக் கண்டு ஓடாத சாதுவான நாய். நல்லதை நீக்கி அறியாததை அழைப்பதற்கு நகரம் செலவு செய்துகொண்டிருந்தது.

இதற்கு மாற்றாக, நாய்களைப் பிடித்து அறுவை செய்து, கருத்தரியாமல் ஆக்கி, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, எடுத்த தெருவிலேயே விட வேண்டும் என்று புளூ கிராஸ் அமைப்பினர் 1964 முதலே சொல்லிவந்தனர். தம்மால் இயன்ற அளவு செய்தும் வந்தனர். மாநகராட்சி இணங்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1995-இல் தென் சென்னையின் ஒரு பகுதியில் இதனைச் சோதித்துப் பார்த்து, 1996-இல் நகர் முழுவதற்கும் விரித்தனர். அவ்வமைப்பு வெளியிட்ட கணக்குப்படி, 1996-இல் நகரில் 120 ஆக இருந்த ரேபீஸ் சாவு 2005-இல் 5 ஆகக் குறைந்தது. 2001-இல் மத்திய அரசாங்கம் இம்முறையை நாடு முழுமைக்கும் விதியாக்கிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் சொல்லத் துணியவில்லை. 2024-இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் தெரு நாய்கள் ஏறத்தாழ 1,80,000 இருந்தன. அவற்றில் அறுவை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்கை ஒட்டியே. இம்முறை பயன் தர வேண்டுமாயின் பத்தில் ஏழு நாய்களுக்காவது குறுகிய காலத்தில் அறுவையும் ஊசியும் ஆக வேண்டும். பாதியில் நிற்கும் மருத்துவம் மருத்துவமன்று. குழந்தை கடிபட்ட வீட்டாரின் கோபத்தை நாய்ப்பற்று மிக்கவர் சில சமயம் ஏளனமாகப் பேசுவதும் எனக்கு உடன்பாடன்று. 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை இவ்வழக்குச் சென்று, ஆகஸ்ட் 11-ஆம் நாள் தில்லி நகரத்து நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க ஓர் ஆணையும், ஆகஸ்ட் 22-ஆம் நாள் அதனைத் திருத்தி, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை நீங்கலாகப் பிறவற்றை ஊசி போட்டு எடுத்த இடத்திலேயே விடுமாறு மற்றோர் ஆணையும் பிறந்ததை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இரு தரப்பாரும் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. தெருவில் கைவிடப்படும் நாய்களில் ஒரு பங்கு நம் வீடுகளிலிருந்தே போகின்றது.

ஏன் போகின்றது? ஆராயாமல் வாங்குவதால்தான். 2003-இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் பக் என்னும் சப்பை மூக்கு நாய் ஒரு சிறுவன் பின்னே ஓடிற்று. வீட்டுக்கு வீடு பக் வேண்டும் என்ற ஆசை எழுந்தது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கே சப்பையான நாய் சென்னையின் கத்தரி வெயிலில் என்ன செய்யும்? பனிநாட்டில் வண்டியிழுத்த ஹஸ்கியைத் தியாகராய நகர் அடுக்கு வீட்டில் வைத்து, அதற்காக நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓட்டுவோரும் உளர். நம் நாட்டிலேயே இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் இனங்கள் இவ்வெயிலில் பிறந்து வளர்ந்தவை. 2005-இல் இந்திய அஞ்சல்துறை இராஜபாளைய நாய்க்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. ஆனால் அவையும் ஓடுவதற்கென்று பிறந்தவை. சிறு கூடத்தில் அடைபட்டு இருக்க மாட்டா. இராஜபாளையத்தின் பால் வெண்மையை விரும்புவோர், அவ்வெண்மையோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருவதை அறிந்து, கைதட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். சொந்தக் காவலுக்கும் துணைக்கும் நம் தெருவில் பிறந்த குட்டியைவிட இவ்வூருக்குப் பொருந்தியது வேறில்லை. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். விற்பனைக்கும் 2017-ஆம் ஆண்டு விதி அதே வரம்பை வைத்திருக்கின்றது.

உணவு பற்றி மயிலாப்பூர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தயிர்ச்சாதம். அது தீங்கில்லை, ஆனால் அதுவே போதும் என்பது தவறு. நாய்க்குப் புரதம் மிகுதியாக வேண்டும். முட்டையோ இறைச்சியோ தருவது எளிய வழி. அவை புழங்காத வீடுகளில் பருப்பு, பன்னீர் முதலியவற்றைக் கொண்டு கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் அமைத்துத் தரலாம். பூனைக்கு இயலாத இது நாய்க்கு இயலும். நாம் அன்போடு கொடுப்பவற்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. சாம்பார்ச் சோற்றில் வெங்காயம்; அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் உலர்ந்த திராட்சை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்கலேட் இதயத்தைத் தாக்கும். வேகவைத்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். பண்டிகைக்கு மறுநாள் மருத்துவமனை வரிசை நீள்வதன் காரணம் இதுதான். தண்ணீர் எந்நேரமும் நிழலில் இருக்க வேண்டும்.

கோடையில் காலை எட்டு மணிக்குமுன் உலாவ அழைத்துச் செல்வதே நன்று. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. திரும்பி வந்ததும் காதின் உட்புறமும் விரலிடுக்கும் பார்த்து உண்ணி களைய வேண்டும். உண்ணி நாயின்மேல் மட்டும் இருப்பதில்லை. இரத்தம் குடித்துக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மருந்திட்டுச் சுவரை விட்டவர் பாதி வேலையே செய்தவர். வெப்பமான நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலால் மடியும் நாய்கள் பல.

தடுப்பூசிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கு முதல் ஊசி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும், பதினாறு வாரம் வரை. பார்வோ 1978-இல்தான் உலகில் பரவத் தொடங்கிய நோய். பழைய தலைமுறை அறியாதது. குட்டிகளை இரண்டு நாளில் கொண்டுபோகும். எலிக்காய்ச்சலுக்கும் ஊசி உண்டு. மழைநீர் தேங்கும் வேளச்சேரி, அடையாற்றுப் பக்கத்தில் அது அவசியம், ஏனெனில் அந்நோய் நாயிலிருந்து நமக்கும் வரும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழுவுக்கு மருந்து, குட்டிப் பருவத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

2024 மே மாதத்தில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ராட்வைலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய நிகழ்ச்சி நகரத்தை உலுக்கியது. வாரில்லை, வாய்க்கூடு இல்லை. அதன்பின் மாநகராட்சி விதிகளை இறுக்கியது. வீட்டு நாய்க்கு உரிமம் பெற வேண்டும் என்பது முன்பே இருந்த விதிதான்; கட்டணம் ஐம்பது ரூபாய். பெற்றோர் சிலரே. 2025-இல் உரிமத்தோடு, தோலின் கீழ் அரிசி மணியளவு நுண்சில்லு ஒன்றும் பதிக்க வேண்டும் என்றும், உரிமமில்லாதோர்க்கு ஐயாயிரம் ரூபாய் தண்டம் என்றும் அறிவித்தனர். வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் உரிமம் இல்லை. கண்ணம்மாபேட்டை, நுங்கம்பாக்கம் முதலிய இடங்களில் மாநகராட்சியின் செல்லப் பிராணி மருத்துவமனைகளும் இருக்கின்றன.

அந்தச் சில்லில் இருப்பது ஓர் எண் மட்டுமே. தீபாவளி வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாயும், 2015 டிசம்பரில் வந்ததுபோன்ற பெருவெள்ளத்தில் வீடு தவறிய நாயும் எங்கேனும் அகப்பட்டால், மருத்துவர் கருவியைக் கழுத்தருகே பிடித்து எண்ணைப் படிக்கலாம்; அதைக் கொண்டு உடையவர் பெயரும் முகவரியும் தெரிந்துகொள்ளலாம். உடையவர், கைவிட்டவராகவே இருந்தாலும்.